டேங்க்கைக் கழுவிய எண்ணெய்

இல்லை, அப்பாவுக்கு மறதி வரவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போகத் தேவையில்லை. அவர் ஓட்டும் டீசல் வேன் இரண்டு தடவை நின்றதற்குக் காரணம் நான். நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார், அதனால் 'பார்க்கலாம் கண்ணு' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் உன் நலம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் தொந்தரவு செய்கிறது, அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உனக்கு அங்கே குளிர் விட்டதா, இருமல் போனதா, மதியம் சாப்பிடுகிறாயா அல்லது காப்பியைக் குடித்தே நாளை ஓட்டுகிறாயா.

இனி நடந்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் உதவியாளராக இருந்தேன், உனக்குத் தெரியும். குடுவை கழுவினேன், புட்டிகளை எடுத்து வைத்தேன், மாணவர்கள் போனபின் மேசை துடைத்தேன். ஒரு சோதனைகூட நானாகச் செய்ததில்லை. நிறம் மாறுவதை எல்லாம் அடுத்தவர் தோளுக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், முனையிலிருக்கும் சிப்ஸ் கடைக்காரர் பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்தேன். இதை எரிபொருளாக்கலாமே என்று எங்கள் பேராசிரியை ஒருமுறை வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் கேட்டேன். 'எடுத்துட்டுப் போங்கக்கா, எனக்கு ஒரு தலைவலி போச்சு' என்றார். எண்ணெய்க்குள் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போக வேண்டும். பயப்படாதே, பின்கட்டில் திறந்த வெளியில்தான் செய்கிறேன், கையுறை, கண்ணாடி, மின்சார அடுப்பு, பக்கத்தில் தீக்குச்சிகூடக் கிடையாது. எண்ணெயில் எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கு மஞ்சள்தூளைச் சாராயத்தில் கரைத்து எண்ணெயோடு சேர்த்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். புளிப்பு தீர்ந்த சொட்டில் மஞ்சள் சட்டென்று சிவந்தது. அதே மஞ்சள்தான் நம் சமையலறை டப்பாவில் இருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கையில் அள்ளியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை அது என்னிடம்.

முதல் கலவை சோப்பாகிவிட்டது. கடைக்காரர் வாணலியைக் கழுவிய தண்ணீரையும் அதே டின்னில் ஊற்றியிருக்கிறார், நான் காய்ச்சித் தண்ணீரைப் போக்காமல் கலந்துவிட்டேன். இரண்டாவது கலவையை ஒரு மணி நேரம் கிளறிவிட்டுக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினேன். ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலில் எல்லாம் கலங்கல். ஒரே பழுப்பு. பிறகு அடியில் ஒரு கோடு. யாரும் வரையாத கோடு. அதற்குக் கீழே கறுப்பாகக் கிளிசரின் இறங்கிக்கொண்டே இருந்தது, மேலே இருந்தது வெளுத்துக்கொண்டே போனது. நான் ஜாடியைத் தொடவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டேன். எது கனம் எது லேசு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. கண்ணு, உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு வாயடைத்தது. அதற்கப்புறம் இதுதான். மூன்று முறை தண்ணீரில் அலசி உலர்த்தியபின் ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தேன். எழுத்து படிக்க முடிந்தது.

இங்கேதான் தப்பு செய்தேன். அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் 'உன் லேப் வேலையை என் வண்டிகிட்ட வச்சுக்காத' என்பார் என்று பயந்தேன். பயம் மட்டும் என்று சொன்னால் பொய். ஓடட்டும், ஓடி முடித்தபின் சொல்லலாம், அப்போது அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. இதே மாதிரி பல கலவை செய்து பதினைந்து லிட்டர் சேர்த்து, மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் டேங்க்கில் ஊற்றிவிட்டேன். மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றிப்போனார். அறுவைச் சிகிச்சை அறைக்கான துணியும் அதில்தான். பாலத்தின் நடுவில் வண்டி திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் கூழ். கையிருப்பில் இருந்த புது ஃபில்டரை மாட்டி ஓட்டிப்போனார், ஆனால் ஒன்றரை மணி நேரம் தாமதம். வீட்டுக்கு வந்து, 'மாத்தணும்னு நெனச்சிட்டு விட்டுட்டேன் போல' என்றார். மாற்றிய தேதியை வண்டிக் கதவின் உள்பக்கம் அவரே எழுதியிருந்தார், போன மாதத் தேதி. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். சொல்லவில்லை. மூன்றாம் நாள் மறுபடி அடைத்தது, இந்த முறை சலவைக்கூட வாசலிலேயே. அன்றுதான் அவர் உடைந்துபோனார். 'பாலத்துல நான் புதுசு மாட்டினேனா, இல்ல பழசையே தொடச்சு மாட்டிட்டேனா? எனக்கே தெரியலம்மா' என்றார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சலவைக்கூட முதலாளியிடம் வேறு ஓட்டுநர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி ஒரு வாரம் பார்க்கலாம் என்றாராம். நீ போன் செய்தது அன்று சாயங்காலம்.

மறுநாள் காலை மெக்கானிக் கொட்டகைக்கு நானும் கூடப் போனேன். அந்த ஒல்லி மெக்கானிக்கை உனக்குத் தெரியும், உன் சைக்கிளுக்கு மணி வைத்துக் கொடுத்தவன். ஃபில்டரைப் பிளந்து பார்த்தான், டேங்க்கின் அடித்திருகைத் திறந்து விட்டான், டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். 'அண்ணே, என்னத்த ஊத்துனீங்க? டேங்க்கு கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருக்கு' என்றான். அப்பா, 'டீசல்தான்டா, பாயசமா ஊத்துவாங்க' என்றார். அவன் ஒரு விரலில் தொட்டு மோந்தான். 'சிப்ஸ் வாசனை வருதேண்ணே' என்றான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு என்னைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். எண்ணெய், மெத்தனால், பதினைந்து லிட்டர், மதியத் தூக்கம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். மெக்கானிக் முதலில் சிரித்தான், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். 'இந்த எண்ணெய் கழுவி விட்டுடும்க்கா. பதினெட்டு வருஷ டீசல் கசடு உள்ள ஓடா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மொத்தத்தையும் பேத்து ஃபில்டருக்கு அனுப்பிடுச்சு. எத்தன ஃபில்டர் மாட்டினாலும் அடைக்கும். எண்ணெய் மேல குத்தமில்ல. சொல்லாம ஊத்துனீங்க பாருங்க, அது குத்தம்' என்றான். நான் செய்த ஒன்று பதினெட்டு வருட அழுக்கைக் கரைத்திருக்கிறது. அந்த நிலைமையிலும் அதை நினைத்து உடம்பு சிலிர்த்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

அப்பா கத்துவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். 'அப்ப பாலத்துல நான் புதுசுதான் மாட்டினேன், இல்ல?' மெக்கானிக், 'புதுசுதாண்ணே, இந்தா நம்பர் பாருங்க' என்றான். 'போன மாசமும் மாத்தினேன்?' 'மாத்தினீங்க.' டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் வீட்டுக்கு வந்தபின்தான் வந்தது. 'நாலு நாளு நான் என்னையே நம்பாம இருந்தேன். நீ பார்த்துக்கிட்டு இருந்த' என்றார். 'இனிமே எங்கிட்ட கேக்காம என் வண்டிக்குள்ள எதுவும் போகக்கூடாது. தண்ணிகூட' என்றார். சரி என்றேன். அன்று முழுதும் அவர் கோபம் தட்டைக் கழுவி வைக்கும் சத்தத்திலேயே தெரிந்தது.

நேற்று அவராகவே பின்கட்டுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வாளர் மாதிரி. 'என்ன பண்றன்னு காட்டு' என்றார். கலந்தேன், கிளறினேன், ஜாடியில் ஊற்றினேன். ஸ்டூல் ஒன்றுதான், அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். கோடு விழுந்ததும் முன்னால் குனிந்தார். 'யாரு பிரிக்கிறா இத?' என்றார். யாருமில்லை, அதுவே என்றேன். நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர். லட்சக்கணக்கான மைல். எது எரிந்து தன்னை ஓட்டிப்போனது என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை என்றார். உலர்த்தி வைத்திருந்த பழைய கலவையை டம்ளரில் எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, டம்ளரைச் சுற்றிச் சுற்றி. அவருடைய முகத்தில் மஞ்சள் வெளிச்சம் ஆடியது. நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான், ஆனால் திருடிப் பார்க்க நினைத்திருந்தேன். டேங்க் இப்போது சுத்தம், இந்த எண்ணெய்க்குத் தாங்காத ரப்பர் குழாயையும் மாற்றியாயிற்று என்று மெக்கானிக்கிடம் அவரே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார். இன்று காலை, 'அஞ்சு லிட்டர் ஊத்து, நான் பக்கத்துல நிக்கிறேன்' என்றார். ஊற்றினேன். புனலை அவர் பிடித்துக்கொண்டார். முதலாளியிடம் இன்று ஒரு நடை போய்வருகிறேன், அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மூன்று புது ஃபில்டர்களை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினார். வண்டி போனபின் தெருவில் கொஞ்ச நேரம் பொரித்த வாசனை இருந்தது. பக்கத்து வீட்டு நாய் வெளியே வந்து நின்றது.

அவர் வரும்வரை கை சும்மா இருக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அடுத்த முறை போன் செய்யும்போது டாக்டர் பேச்சை எடுக்காதே. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள், அவரே பேசுவார். இருமலுக்கு வெந்நீர் குடி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்யாதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்குத் தெளிந்து வரட்டும், உடம்பும் மனதும் நிறைந்து நூறு வருடம் இரு.

என்றும் உன் நினைவாக,
அம்மா

பி.கு. பதினொன்றே காலுக்கு வண்டி வந்தது. எங்கும் நிற்கவில்லை, நாளைக்கும் நடை உண்டு என்றார். கேட்டைச் சாத்திவிட்டு, அடுத்த டின் எண்ணெயை வடிகட்ட உட்கார்ந்தேன்.