வெர்லா மாற்றிய குழல்

வெர்லா,

வேலை முடிந்து வந்ததும் எல்க் மான் கறியைச் சூடாக்கிச் சாப்பிடு. ட்ரக் என்னிடம்.

"சரியான கருவி இல்லாம குழலை மாத்தினா துப்பாக்கியே பாழாயிடும்"னு நேற்று கத்தினேன். நீயோ பிடில் வில்லுக்குத் தேய்க்கிற ரோசினை இரண்டு மரக்கட்டைகளில் பூசி, குழலை நடுவில் வழுக்காமல் இறுக்கி மாற்றியே விட்டாய். காலையில் துப்பாக்கிக் கடைக்காரர் ஹார்லன், குழல் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அளந்து பார்த்தார்.

"எந்த மெஷின்ல போட்டே?"

"என் பொண்டாட்டியோட பிடில் பெட்டியில."

மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அப்புறம்தான் குறித்தாளில் மூன்று முறை சுட்டேன். மூன்று ஓட்டையையும் உன் கோட்டுப் பொத்தான் ஒன்றே மூடுகிறது. தாள் இதன் அடியில் இருக்கிறது.

நாலு மணிக்கு ஹார்லன் அந்த மரக்கட்டைகளைப் பார்க்க வருகிறார். காபி கொடு.

ஆரின்

பி.கு.: புது ரோசின் வாங்கத்தான் போகிறேன்.

இன்னொன்று: இத்தனை வருஷம் நான் சுட்டேன், நீ இறைச்சியைச் சுமந்து மலையிறங்கினாய். சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. துப்பாக்கியை நீ எடுத்துக்கொள், சுமக்க நான் வருகிறேன்.