சுலேமாவின் பாதங்களுக்கு ஒரு நடுவர்

அன்பு மகள் எதெல்மிராவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மிலானில் வெயில் வந்துவிட்டதா, நீ பார்த்துக்கொள்ளும் அந்த மூதாட்டி இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாளா. போனில் உன் அம்மாவே எல்லாம் பேசி முடித்துவிடுகிறாள், என் கைக்கு வரும்போது சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். உருளைக்கிழங்கு இந்த வருஷம் பரவாயில்லை, பழுப்புப் பசு கன்று போட்டது. சான் இசித்ரோ புனிதர் திருவிழா வாலிபால் பற்றி அம்மா என்ன சொன்னாளோ தெரியாது. அவள் பாதியில் எழுந்து போனவள். முழுசும் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்தவன் நான், ஆகவே நான் சொல்வதையே நம்பு.

உன் தம்பியாக வளர்ந்து பிறகு உன் தங்கையான நம் சுலேமா, கடற்கரை நகரத்தை விட்டு ஊரோடு வந்ததும் கீழத்தெருப் பெண்கள் அணியில் சேர்ந்தாள் அல்லவா, அன்றிலிருந்து கீழத்தெரு தோற்கவே இல்லை. திருவிழா நெருங்கியதும் மேலத்தெருக் கேப்டன் எர்மெலிந்தா, ரொட்டி சுடுகிறாளே அவள்தான், கமிட்டி முன்னால் வந்து நின்றாள். "அவ பொம்பளை இல்லைன்னு நான் சொல்லல, சுலேமான்னுதான் வாய் நிறையக் கூப்பிடுறேன். ஆனா அவ எம்பி அடிச்சா பந்து நேரா எங்க மூக்குக்கு வருது. ரொசால்வினா மூக்கைப் பாருங்க" என்றாள். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து ரொசால்வினாவின் மூக்கைப் பார்த்தார்கள். வீங்கித்தான் இருந்தது. சுலேமா, பெண்ணாவதற்கான மருந்து சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தன் பலம் பாதி போய்விட்டது, கிழங்கு மூட்டையைக்கூட அப்பாதான் தூக்குகிறார் என்றாள். அதற்கு எர்மெலிந்தா, "மிச்சம் இருக்கிற பாதியே எங்களுக்குத் தாங்கலையேடி" என்றாள். சுலேமாவே சிரித்துவிட்டாள்.

கமிட்டித் தலைவர் மருந்துக்கடை எவாரிஸ்தோ. பெரிய இடங்களில் இதற்கெல்லாம் ரத்தம் சோதிப்பார்களாம், நாமும் சோதிப்போம் என்றார். அவரிடம் இருந்தது சர்க்கரை பார்க்கிற கருவி ஒன்றுதான். ரத்தம் ரத்தம்தானே என்று இரண்டு அணிப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி விரலில் குத்தினார். சுலேமாவுக்கு ஒரு குறையும் இல்லை. எர்மெலிந்தாவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. அப்படியானால் விளையாடக் கூடாதது யார் என்று கமிட்டி வெகுநேரம் மண்டையைக் குடைந்துகொண்டது. எவாரிஸ்தோ தனக்கும் ஒரு குத்துக் குத்திப் பார்த்து முகம் வெளுத்துப்போனார், அன்றைக்கே சோடாவை விட்டுவிட்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது: சுலேமா விளையாடலாம், குதிக்கக் கூடாது. இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையை விட்டால் புள்ளி மேலத்தெருவுக்கு. பாதங்களைப் பார்க்க ஒரு நடுவர் வேண்டும். தண்ணீர் முறைத் தகராறில் சொந்தத் தம்பிக்கு எதிராகவே சாட்சி சொன்னவன் என்று என் கையில் விசிலைத் திணித்துவிட்டார்கள்.

இதில் சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு மகளே. என் தம்பி மகள் நெலிதா, சுலேமா வந்ததும் பெஞ்சுக்குப் போனவள், ஒருநாள் வாய்க்காலில் என்னைப் பார்த்து, "பெரியப்பா, அவ மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா சின்னதுலேர்ந்து நான் நின்ன இடம் அது. என்கிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். அதை அப்படியே சுலேமாவிடம் சொன்னேன். "அவ சொல்றது சரிதான்ப்பா. ஆனா நான் எங்க போய் நிக்கிறது? ஆம்பளைங்க டீம்லயா?" என்றாள்.

இறுதி ஆட்டத்தன்று கம்பளியை விரித்து வலைக்குக் கீழே குப்புறப் படுத்தேன். பரிசுப் பன்றியை வலைக்கம்பத்திலேயே கட்டியிருந்தார்கள், அது என் காதை நக்கிக்கொண்டே இருந்தது. இந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் உன் அம்மா எழுந்து போனது. ஊரில் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை, பாதிரியார் உட்பட எல்லோரும் சுலேமாவின் ஷூவையே பார்த்தார்கள். பாவம், சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி நுனிக்காலில் எட்டி எட்டி ஆடினாள். வலைக்கு அந்தப் பக்கமிருந்து எர்மெலிந்தா, "மாமா, தூங்கிடாதீங்க" என்று அடிக்கடி குரல் கொடுத்தாள். புள்ளிகள் சமமாகவே போய், ஆட்டம் முடியும் தறுவாயில், வலைக்கு மேலே பந்து ஒன்று உயரமாக வந்தது. சுலேமா எழும்பினாள். பிள்ளை எழும்புவதைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாயா? அவள் கால்களுக்குக் கீழே எனக்கு எதிரே இருந்த மலை முழுசாகத் தெரிந்தது. வாயில் விசில் இருப்பதே மறந்துபோனது. பந்து மேலத்தெருப் பக்கம் விழுந்து கீழத்தெரு ஆர்ப்பரித்தது. எவாரிஸ்தோ கை தூக்கி எல்லோரையும் அடக்கிவிட்டு, "ஃபௌஸ்தினோ, குதிச்சாளா இல்லையா?" என்று கேட்டார். சுலேமா என்னைப் பார்க்கவில்லை, வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, குதித்தாள் என்றேன்.

தோற்றோம். எர்மெலிந்தா பன்றியை அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "ஜெயிச்சது நாங்களா, உங்க விசிலா மாமா? அதுவும் ஊதாத விசில்!" என்று என்னையே திட்டினாள். அவள் அணிக்காரிகள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பன்றிக்கு ஃபௌஸ்தினா என்று என் பெயரையே வைத்திருக்கிறார்களாம். கீழத்தெருவில் எனக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை. அடுத்த வருஷம் என்ன விதி என்று கமிட்டி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று வீட்டில் சுலேமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சூப் குடித்தாள். என்னோடு இனி முகம் கொடுத்துப் பேச மாட்டாள் என்றே நினைத்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டு, "அப்பா, நீங்கதானே கீழேர்ந்து பார்த்தீங்க. எவ்வளவு உயரம் போனேன்?" என்று கேட்டாள். தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினேன். உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டினேன்.

கடவுளும் சான் இசித்ரோவும் உன்னைக் காக்கட்டும், வயிறு வாடாமல் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. சுலேமாவோடு பேசும்போது மறக்காமல் நெலிதாவுக்கும் தனியாக ஒரு போன் போடு.

என்றும் உன் நினைவாக,
அப்பா ஃபௌஸ்தினோ