வெல்லம் வேணும்

அன்புள்ள அம்மாவுக்கு, மரியே வாழ்க. உங்க முட்டிவலி தேவலையா? தங்கச்சி லிசா ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறாளா? நான் சுகமா இருக்கேன். இங்க சத்தம் ஜாஸ்தி, அதான் போன் பண்ணாம எழுதறேன்.

பெங்களூர் பார்ல எனக்குப் புது வேலை. இவங்களே காய்ச்சுற பீருக்கு, விலை கம்மியான சுருட்டுல எது தோதுன்னு நான்தான் இழுத்து, குடிச்சுப் பார்த்துச் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க, வேலைதானே.

நேத்து ஒரு கூத்து. பீங்கான் பட்டறைல தூசிக்காக அப்பா வெல்லத்தை வாயில அடக்கிக்குவாரே, அந்த மாதிரி நானும் இருமலுக்கு ஒரு துண்டு அடக்கிக்கிட்டேன். அந்த இனிப்புல எல்லாமே ருசியா இருந்துச்சு. இருக்கறதுலயே கசப்பான பீருக்கு, இருக்கறதுலயே காட்டமான சுருட்டைச் சொல்லிட்டேன். குடிக்க வந்தவர் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சியைச் சுளிச்சார் பாருங்க! எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், இருமல் புடிச்சுக்கிச்சு. அப்புறம் நின்னுடுச்சு.

பெண்ணாடம் வெல்லம் கொஞ்சம் விருத்தாசலத்துல பெங்களூர் பஸ்ஸுல குடுத்து விடுங்க. கூடவே கர்ச்சீப்பும் வேணும். வெள்ளை வேணாம், நல்ல செவப்புல வாங்குங்க.

மேனேஜர் கூப்புடறார், போயிட்டு வரேன்.

உங்க அகஸ்டின்

அம்மா, அப்பா சாகறதுக்கு முந்தி அந்த இருமல்ல, முதல்ல மூச்சு வாங்குச்சா, ரத்தம் வந்துச்சா? லிசாவுக்குத் தெரியாம எழுதுங்க.