பூச்சுக்கு அடியில் ஒரு பொட்டு

சமையலறையில் கருகிய பிசின் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டும் பயனில்லை. மத்தியானம் தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து, நீ அந்தக் காலத்தில் ஊற்றிய கறுப்பு ரெசின் கட்டிகளை அதன்மேல் போட்டுச் சூடாக்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "டயரக் கொளுத்தறியா?" என்று கேட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நீ செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னோடு சண்டை போட வைத்துவிட்டாய்.

மந்தைவெளியில் நாம் மொத்தமாக மோட்டார் டப்பா மாட்டிக் கொடுத்தோமே, அந்த அடுக்குமாடிக் குடியிருப்பை இடிக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த, எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இரண்டு டப்பாவைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தான். "யக்கா, முன் பிளாக்குல கீறது எப்பவோ செத்துப்போச்சு, அப்டியே உட்டுட்டானுங்க. பின் பிளாக்குது நேத்து வரிக்கும் ஓடிக்கினு இருந்துச்சு" என்றான். முன் பிளாக் டப்பாவில் நம் இரண்டு பேர் பெயரும் இருந்தது. பின் பிளாக் டப்பாவில் உன் பெயர் மட்டும். அது நான் விலகிய பிறகு நீ செய்தது.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தபோது, "பொம்பளைங்க ரெண்டு பேரு இங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டார். "ஊர்ல கீற மோட்டாரெல்லாம் எரியாம காப்பாத்தப் போறோம்" என்றாய் நீ, சட்டென்று. அந்த வாய் எனக்குக் கிடையாது. அதனால் சர்க்யூட் போடுவதும் பற்றவைப்பதும் சோதிப்பதும் என் வேலை. சர்க்யூட் போர்டுக்கு வார்னிஷ் பூசுவதும் ரெசின் ஊற்றுவதும் விற்பதும் உன் வேலை.

தொட்டியில் தண்ணீர் இருந்தால் மோட்டாரை ஓடவிட்டு, தீர்ந்தால் நிறுத்தும் டப்பா அது. தொண்ணூறுகளில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வறண்ட தொட்டியில் மோட்டார் ஓடினால் அதன் கம்பிச் சுருள் எரிந்துவிடும். ஆனால் அந்த டப்பாவை மாட்டுகிற இடமோ தரைத்தொட்டிக்குப் பக்கத்தில். எப்போதும் ஈரம், போதாததற்குக் கடல் காற்று. பூசாத போர்டு ஒரு மழைக்காலம் தாங்காது.

உன் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். போர்டை ஸ்பிரிட்டில் கழுவி, பல்பு எரியும் பெட்டியில் காயவைத்து, பிரஷ்ஷால் கண்ணாடி மாதிரி பூசுவாய். ஒரு குமிழி இருக்காது. பிறகு டப்பாவுக்குள் இறக்கிக் கறுப்பு ரெசினை ஊற்றிவிட்டால், மறுநாள் அது கல். தூசு விழும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இதெல்லாம் செய்வாய். கழுவிய போர்டை நான் வெறுங்கையால் எடுத்தால் கத்துவாய். "வேர்வை உப்புடி. உள்ள மாட்டிக்கினா அப்பால எடுக்க முடியாது."

அப்படிச் சொன்னவளைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அறையில் பார்த்தேன். கழுவிக் காயவைத்த போர்டுகளை வரிசையாகப் பரப்பி, குங்குமச் சிமிழைத் திறந்து, மோதிர விரலால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாய்.

"என்னடி பண்றே?"

"கோயில் குங்குமம்டி. மொத டப்பாவுக்கு வெச்சேன். கே.கே. நகர்ல மாட்டுனோமே அது. இன்னி வரிக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். பொட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, டப்பாவுக்கு மேலே வை என்றுதான் சொன்னேன். "வெளிய வெச்சா அழிஞ்சுடும். உள்ள வெச்சுப் பூசிட்டா காலத்துக்கும் இருக்கும்" என்றாய். அதுதான் ஆபத்து என்று எவ்வளவு எடுத்துச் சொன்னேன். தண்ணீர் இருக்கிறதா என்று அறியத் தொட்டியிலிருந்து வருகிற கம்பியில் ஓடுவது துளி கரண்ட். குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கிறது, என்னென்ன உப்போ. பூச்சு தண்ணீரைத் தடுக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஊறும் ஈரக்காற்றைத் தடுக்காது. அந்த ஈரம் பொட்டில் ஏறினால் அதன் வழியாகவே கரண்ட் ஓடும், தண்ணீர் இல்லாத தொட்டியில் தண்ணீர் இருப்பதாக டப்பா நம்பிவிடும். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாய். கடைசியில் என் தலையில் கையை வைத்து, "உம்மேல சத்தியமா இனிமே வெக்க மாட்டேன். போதுமா?" என்றாய். நான் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

மந்தைவெளிக்கான டப்பாக்களை அதற்குப் பிறகுதான் செய்தோம். அந்த ஐப்பசி மழையில் அங்கே மோட்டார்கள் எரிய ஆரம்பித்தன. காலித் தொட்டியில் ஓடி ஓடி எரிந்தன. "பொட்டு வெச்சியா?" என்று உன்னிடம் நேராகவே கேட்டேன். "சத்தியம் பண்ணவள இப்டியா கேப்ப?" என்று கண் கலங்கினாய். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்த ஒரு டப்பாவை உளியால் உடைத்துப் பார்த்தேன். ரெசினோடு போர்டின் செம்பும் உரிந்து தூள்தூளாக வந்தது. ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு என் சர்க்யூட்டில்தான் என்று ராப்பகலாகத் தேடினேன். கிடைக்கவில்லை. இல்லாத தப்பு எப்படிக் கிடைக்கும்?

குடியிருப்புக்காரர்கள் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு நம்மை உட்கார வைத்தார்களே, அது உனக்கு மறந்திருக்காது. செயலாளர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், இத டிசைன் பண்ணது யாரு?"

நீ என்னைக் காட்டினாய். "இவதான் சார். நான் வெறும் பூசற ஆளு."

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என் பேட்டைக்காரர்கள். மறுநாளிலிருந்து காய்கறிக் கடையில்கூட, "இவங்க போட்ட டப்பாலதான் மோட்டார் எரிஞ்சுது" என்று அடையாளம் சொன்னார்கள். நான் பட்டறைக்கு வருவதை நிறுத்தினேன். தி. நகரில் ஒரு மின்சாமான் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனேன். அதன்பிறகு ஒரு சர்க்யூட்கூட நான் வரையவில்லை. யாராவது கேட்டால், எனக்கு அதெல்லாம் வராது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வராது என்று நானும் நம்பினேன்.

இன்று சூட்டில் ரெசின் இளகியதும் கரண்டிக் காம்பால் நெம்பினேன். இத்தனை வருஷத்தில் சுருங்கிப் போயிருந்ததால், அப்பளம் போல விட்டுக்கொண்டு வந்தது. முன் பிளாக் போர்டின் பின்பக்கம், தொட்டிக் கம்பி வந்து சேருகிற இடத்தில், பூச்சு கொப்புளித்திருந்தது. அதற்கு அடியில் உன் மோதிர விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. சுற்றிலும் செம்பு பச்சை பூத்து அரித்திருந்தது. நீ சொன்னபடியே அழியாமல் இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட, பக்தி, பயம், ஏதோ செய்துவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பின் பிளாக் டப்பாவையும் திறந்தேன். அதே சர்க்யூட். நான் வரைந்த கோடுகளில் ஒன்றுகூட மாறவில்லை. மூலையில் நான் வழக்கமாகப் போடும் சின்ன வளைவுகூட அப்படியே இருந்தது. பொட்டு மட்டும் இல்லை. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். அங்கே பழைய வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அந்தம்மா வந்து, ஆளயும் மாத்திட்டேன், டிசைனயும் மாத்திட்டேன்னு சொல்லி மாட்டிக் குடுத்தாங்களாம்."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. எதனால் எரிந்தது என்று கண்டுபிடித்து, பொட்டை நிறுத்திவிட்டு, என் சர்க்யூட்டை வைத்தே பிழைத்திருக்கிறாய். என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். ஒரு சாயங்காலம் வந்து, "உன் மேல தப்பில்லடி" என்று சொல்லியிருந்தால் போதும். அப்போதே உனக்குக் காபி போட்டுக் கொடுத்திருப்பேன், அது உனக்கும் தெரியும். தெரிந்தும் நீ வரவில்லை.

உன் சாவுக்கு நான் வந்தேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து, உன் தொழிலைக் கெடுத்தவள் நான்தானே என்று அழுதேன். உன் மகள் என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அந்த அழுகை எனக்குத் திரும்ப வேண்டும். உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தவர்களைப் பேசக்கூடாது என்று யார் சொன்னாலும் பேசுவேன்.

இதையெல்லாம் பார்த்து முடித்து, சாயங்காலம் சட்னி அரைக்கப் போனேன். மிக்ஸி ஓடவில்லை. என்ன தப்பு பண்ணித் தொலைத்தேன் என்று ஜாரைக் கழற்றி மாட்டினேன். தேங்காயை அதிகமாகப் போட்டுவிட்டேனோ, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டேனோ என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் எது நின்றாலும் இத்தனை வருஷமாக எனக்கு இப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. தெருவுக்கே கரண்ட் இல்லை.