ஓணப் பரீட்சை வரை

அக்கா,

அன்று தலைமையாசிரியையின் அறையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்று காலை பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பிள்ளையார் கோயில் பக்கமிருந்து உடைந்த தேங்காயின் வாசனை வந்தது. கூடவே அந்த ஜூன் மாதக் காலையும் வந்துவிட்டது. மலையாளத்திலேயே படித்து வளர்ந்தவள் நான். உங்களுக்காக நாலு வாக்கியம் பேசுவது எனக்குப் பெரிய காரியமில்லை. நீங்கள்தான் பள்ளிக்கூட வாசலிலேயே தடுத்துவிட்டீர்கள்: "கூட நில்லு, போதும். வாயத் திறந்த, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன் ஆத்தா."

கரமனையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தீர்கள். கட்டட வேலைக்கு உங்களை அழைத்து வந்த கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கினீர்கள். காளையார்கோவில் பக்கம் தம்பி வீட்டில் விட்டிருந்த செல்வியை அந்தக் கோடையில்தான் அழைத்து வந்தீர்கள். அவள் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். மலையாளம் தெரியாததால் இங்கே மறுபடியும் நாலுதான் என்றார்கள். "சின்னப் பிள்ளைகளோட உக்கார மாட்டேன், மாமா வீட்டுக்கே போறேன்" என்று அவள் துணிப்பையை எடுத்துக் கட்டிவிட்டாள். போனால் திரும்ப வரமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது நான் சிவகங்கை ராணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப்படியில் நீங்கள் துணிக்குச் சோப்புப் போட, நான் மேற்படியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன்: காளையார்கோவிலில் கும்பினிப் படையிடம் ராஜா மடிந்தது, மகளோடு ராணி விருப்பாட்சிக்குப் போனது, எட்டு வருடம் கழித்துப் படையோடு திரும்பிச் சீமையை மீட்டது, உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்குக்குள் இறங்கிய பெண்.

"எங்க ஊரு ராணிய எனக்கே சொல்றியா?" என்றீர்கள். அடுத்த துணியை எடுத்தபடி, "சண்டையெல்லாம் சரி. அந்த எட்டு வருசம்?"

"என்ன எட்டு வருசம்?"

"புருசன் இல்ல, ஊரு இல்ல, கையில பொம்பளப்பிள்ள. எப்பம்மா வீட்டுக்குப் போவோம்னு அது கேட்டிருக்கும்ல. என்ன சொல்லியிருப்பாக?"

நான் படித்த புத்தகங்கள் அந்த எட்டு வருடத்தை ஒரு பக்கத்தில் தாண்டிவிட்டிருந்தன. நானும் கூடவே தாண்டியிருந்தேன். தெரிந்ததைச் சொன்னேன். உதவி கேட்டு மைசூரை ஆண்டவரிடம் போனபோது ராணி அவருடைய உருதுவிலேயே பேசினாராம், அவர் அசந்துபோனாராம்.

"எடுத்துச் சொல்ல ஆள் வச்சுக்கலியா?"

"இல்ல. தானே பேசினாளாம்."

சோப்பைக் கீழே வைத்தீர்கள். "அதான். அடுத்தவுக வாய் வழியாப் போனா நம்ம கோவம் பாதிதான் போய்ச் சேரும்."

தலைமையாசிரியையிடம் நீங்களே பேசுவதற்காக அன்று மாலையே பாடம் தொடங்கியது. நான் கிணற்றடியில் நின்று மலையாளத்தில் கேட்பேன். நீங்கள் பாத்திரம் தேய்த்தபடி பதில் சொல்வீர்கள். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா, "ஏண்டி, இவ மலையாளத்தைக் கேட்டா மாடு மிரளும்" என்றாள்.

"மிரளட்டும் மாமி. மைசூர்க்காரரும் மொதல்ல மிரண்டுதான் இருப்பாரு" என்றீர்கள். "உங்க தமிழே பாதி மலையாளந்தான? அத வச்சே கத்துக்கிறேன்." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பள்ளிக்கூடம் போன அந்த ஜூன் காலை, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தீர்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "நாக்குக் கொழறாம இருந்தாப் போதும்னு சொல்லியிருக்கேன். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

தலைமையாசிரியையின் முன்னால் இரண்டு வாக்கியம் நன்றாக வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டீர்கள். தலைமையாசிரியை உங்களை விட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் தேடிய வார்த்தை என் நாக்கில் இருந்தது. நான் சுவரில் இருந்த நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன். செல்வி உங்கள் முந்தானையை இழுத்தாள்.

பிறகு உங்கள் குரல் வந்தது. "டீச்சரே, ஓணப் பரீட்ச வரே அஞ்சில் இருத்தணும். தோற்றால் ஞான் தன்னே நாலில் கொண்டிருத்தாம்." ஓணத்துக்கு முன் வரும் பரீட்சை வரை ஐந்தில் இருக்கட்டும், தோற்றால் நானே கொண்டுவந்து நாலில் உட்கார வைக்கிறேன் என்று ஒரு தாய் சொன்னது அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"குட்டிய ஆரு படிப்பிக்கும்?" பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது என்று கேட்டார்.

"ஞானும் படிக்கும் டீச்சரே. ஒந்நிச்சு." சேர்ந்து படிப்போம் என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு, செல்வியை அருகே கூப்பிட்டுப் பெயர் கேட்டார்.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது, அக்கா. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட நர்ஸிடம் நீங்களே பேசினீர்கள்; என்னை விடவில்லை. இப்போது நூலகத்தில் என் மேசைக்கு எத்தனையோ ஊர்க்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் வார்த்தை தேடித் திணறும்போது நான் எடுத்துக் கொடுப்பதில்லை. பேனாவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அநேகமாக அவர்களுக்கே கிடைத்துவிடுகிறது.

செல்வி கல்லூரி ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். உங்கள் கேள்வியைப் போன வாரம் அவளிடம் கேட்டேன். அந்த எட்டு வருடம் ராணி மகளிடம் என்ன சொல்லியிருப்பாள்?

"எந்திரி, குளி, பாடத்த எடு. வேற என்ன சொல்லுவாங்க சித்தி?" என்று என் அம்மா போட்ட தோசையைப் பிய்த்தாள்.

அந்த வருடம் ஓணப் பரீட்சை முடிந்தது. செல்வி ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தாள்.