ரங்கூனில் நிற்கும் விமானம்

நசீரா அத்தாவுக்கு,

மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது, சோறு வடித்துவிட்டேன். பம்பூஃப்ளாட்டில் என் அண்ணன் மனைவி மச்சியைப் பார்த்துவிட்டு நாலு மணி ஃபெரியில் வருவேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு தீதியிடம் கொடுங்கள்.

மூன்று மணிக்கு டிக்கெட் ஏஜெண்ட் வருவார். கல்கத்தா, பினாங்கு, சிங்கப்பூர் என்று நீங்கள் எழுதிய தாளை அவரிடம் கொடுக்க வேண்டாம். இந்தத் தீவிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பலில் போய் அங்கிருந்து விமானம் ஏறுவோம். “கப்பல்ல போனா நம்ம மக நசீரா பெத்த புள்ள தவழ்றதத்தான் சிங்கப்பூர்ல பாப்போம்” என்று நேற்றுக் கத்தினீர்கள். தெரியும். ஆனால் கல்கத்தா விமானம் எண்ணெய் போட ரங்கூனில் நிற்கும். போன தடவை யாரையும் இறங்க விடவில்லை. நம் மகன் உதுமானை அடக்கிய கபர் நாலு மைலில் இருக்க, அரை மணி நேரம் பெல்ட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பேப்பர் படித்தீர்கள். பிள்ளையை மறந்துவிட்டீர்கள் என்று நேற்று நான் சொன்னது அதனால்தான்.

ரஷீதா

தாளை ஒளித்து வைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். கல்கத்தாவுக்கு நேரே ‘ரங்கூன் தெரியும்படி ஜன்னல் ஓரம்’ என்று எழுதி, அடித்திருக்கிறீர்கள். கல்கத்தா வழியே போவோம். அடித்ததைத் திரும்ப எழுதிக் கொடுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு ஜன்னல் கேளுங்கள்.