அத்தைக்குச் சேர வேண்டிய சட்டை

கடிதம் எண் 41
ஆக்லாந்து, 18 நவம்பர் 2019, திங்கட்கிழமை, காலை 6.10

மதிப்பிற்குரிய மெலெசேனி அக்காவுக்கு, தம்பி பௌலியாசி தலைதாழ்த்தி எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கிடங்கு வேலையும் குறையின்றி நடக்கிறது.

பிரான்சில் ஆறாண்டுகள் சம்பளத்துக்கு ரக்பி ஆடிய என் மகன் கெலேபி, சனிக்கிழமை முதன்முறையாக நம் டோங்காவுக்காக ஆடினான். அந்த முதல் ஆட்டத்தில் அவன் அணிந்த சட்டை, நம் முறைப்படி, அத்தையாகிய தங்களுக்கே உரியது. அனுப்பிவைக்குமாறு என்னிடம் கொடுத்தான். நானோ ஞாயிறன்று அதை அணிந்துகொண்டு தேவாலய விருந்துக்குப் போனேன். கையை உயர்த்திப் பாடுகையில் தோள்பக்கம் கிழிந்துவிட்டது.

"யோவ், அக்காவுக்குப் போறத நீ மாட்டிக்கிட்டியா? அந்த வயித்துக்கு அது தாங்குமாய்யா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். கெலேபி சிரிக்கவில்லை.

"அத்தை மனசு நொந்தா, அடுத்த ஆட்டத்துல நான் எப்படிப்பா இறங்குவேன்?" என்றான்.

தங்கள் கோபம் என்னோடு நிற்கட்டும். அவனைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துங்கள். மன்னிப்புக் கேட்போர் கழுத்தில் அணியும் இஃபி இலை இங்கே கிடைப்பதில்லை. டோங்காவிலிருந்து வருவோர் யாரிடமாவது கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

இணைப்பு:
1. சட்டை. தோள் தையல் என் கையால் போட்டது.
2. தெருமரத்து இலைகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நான் தரையில் அமர்ந்திருக்கும் புகைப்படம்.